ரெண்டு நாள் சிட்டி ட்ரிப்ல நல்ல கிராஃப்ட் பீர் பார், ப்ரூவரி எப்படி கண்டுபிடிக்கிறீங்க?

ஊர்சுத்தி:

மக்களே ஒரு ஐடியா குடுங்க. வேலை விஷயமா அடிக்கடி புது புது ஊருக்கு போக வேண்டியிருக்கு, போனா மீட்டிங் எல்லாம் முடிஞ்சு ரெண்டு சாயங்காலம் தான் கையில மிஞ்சும், அதுல உருப்படியா ஒரு ப்ரூவரியோ (பீர் காய்ச்சுற இடம்) ஒரு நல்ல பாரோ பாத்துடணும்னு ஆசை. ஆனா மேப்ல கிராஃப்ட் பீர்னு (சின்ன ப்ரூவரிங்க தனி ருசியோட காய்ச்சுறது) அடிச்சா மேல வர்ற பத்து இடமும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. செங்கல் சுவரு, தொங்குற பல்பு, சுவர் முழுக்க டேப், அதான் பீர் ஊத்துற குழாய். உள்ள போய் ஆசையா ஒரு ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலா போட்ட கசப்பு பீர்) வாங்கினா ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தர்ற பூ) வாசனையே இல்ல, ஈர அட்டைப்பெட்டி வாசனை தான் வருது. ரேட்டிங் என்னடான்னா 4.6!

ஆப்பை நம்பி போறதா, ஆளைக் கேட்டு போறதா, இல்ல காலாற நடந்து கண்ணுல பட்டதுல நுழையுறதா? நீங்கல்லாம் என்ன பண்றீங்க? எந்த ஊருன்னு கேக்காதீங்க, எங்க போனாலும் ஒத்துவர்ற மாதிரி ஒரு வழி இருந்தா சொல்லுங்க.

நுரைமீசை:

மேப் ரேட்டிங்கை முதல்ல மறந்துடுங்க பாஸ். அந்த 4.6 குடுத்ததுல பாதிப் பேரு மொட்டைமாடி வியூவுக்கும் மியூசிக்குக்கும் குடுத்தவங்க, பீரைப் பத்தி ஒரு வரி இருக்காது. நான் மேப்பை வேற மாதிரி யூஸ் பண்ணுவேன். ரிவ்யூவை விட்டுட்டு நேரா போட்டோவுக்கு போயி புதுசு மேல வர்ற மாதிரி வெச்சு டேப் போர்டு (எந்த டேப்ல எந்த பீர்னு எழுதின பலகை) போட்டோ தேடுவேன், போன வாரம் எடுத்த போர்டையும் மூணு மாசம் முன்னாடி எடுத்த போர்டையும் ஒத்துப் பாத்தா கதை தெரிஞ்சிடும். பாதிக்கு மேல பேரு மாறியிருந்தா அங்க கெக் (பீர் வர்ற உலோகப் பீப்பாய்) காலியாகுது, புதுசு வருதுன்னு அர்த்தம். அதே இருபது பேரு அப்படியே குந்திட்டு இருந்தா, சொந்தமா காய்ச்சுற இடம்னா பரவால்ல, வெளிய வாங்கி ஊத்துற பாரா இருந்தா கொஞ்சம் சந்தேகப்படணும்.

அடுத்தது அன்டாப்டு. குடிச்ச பீரை பதிஞ்சு ஸ்கோர் போடுற ஆப், 2010ல வந்தது, இப்பவும் இதுக்கு அதை விட்டா பெருசா வேற கிடையாது. ஆனா எல்லாரும் அதுல ஸ்கோரை பாக்குறாங்க, அங்க தான் தப்பு. ஸ்கோர் வேண்டாம், அந்த பாரோட பக்கத்துக்கு போயி கடைசியா யாரு எப்ப என்ன குடிச்சாங்கன்னு பாருங்க. நேத்து ராத்திரி ஏழெட்டு பேரு வெவ்வேற பீர் போட்டிருந்தா அந்த இடம் உயிரோட இருக்கு. கடைசி என்ட்ரியே ஒன்றரை மாசம் முன்னாடின்னா அங்க பீருக்காக யாரும் போகல.

பழைய ப்ளாக் எல்லாத்தையும் நம்பிடாதீங்க. ரேட்பீர்ங்கிற பீர் ரேட்டிங் சைட்டோட லிஸ்ட்ல டாப் இடம்னு போட்டிருப்பான், அந்த சைட்டே 2025 பிப்ரவரியோட மூடியாச்சு. லிஸ்ட்ல இருந்த பாரும் மூடியிருக்கலாம்.

லாகர்வாதி:

ஸ்கோர் விஷயத்துல நுரைமீசை சொல்றதுக்கு நூத்துக்கு நூறு. அந்த ஆப்ல மேல இருக்கிறதெல்லாம் பாருங்க, 12 சதவீத ஆல்கஹால் இருக்கிற ஸ்டவுட் (கருப்பு பீர்), டபுள் ஹேஸி ஐபிஏ (கலங்கலான, கனமான ஐபிஏ), பழம் போட்ட சவர் (புளிப்பு பீர்). சுத்தமா காய்ச்சின ஒரு ஹெல்லஸ் லாகர் (குளிர்ல மெதுவா தயாராகுற வெளிர் ஜெர்மன் பீர்) 3.6 தாண்டுறதுக்குள்ள நாக்கு தள்ளிடும், ஏன்னா குடிக்கிறவன் "நல்லா இருக்கு, சாதா லாகர்"னு 3.5 போட்டுட்டு போயிடுவான். அதனால ஸ்கோர் பாத்தே ஆகணும்னா லாகரை லாகரோட மட்டும் ஒப்பிடுங்க.

என் வழி ரொம்ப சிம்பிள். எந்த ஊர்ல எந்த ப்ரூவரிக்கு போனாலும் முதல் கிளாஸ் அவங்களோட பில்ஸ்னர் இல்ல ஏதாச்சும் வெளிர் லாகர். ஐபிஏல கிலோ கணக்குல ஹாப்ஸ் கொட்டினா சின்னச் சின்ன கோளாறு மறைஞ்சுடும், ஸ்டவுட்ல வறுத்த மால்ட் (முளைகட்டிக் காய வெச்ச பார்லி) மறைச்சுடும், சவர்ல பழம் மறைச்சுடும். லாகர்ல ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. வெண்ணெய் பாப்கார்ன் வாசனை வந்துதா, ஈஸ்ட் வேலையை முடிக்கிறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு இறக்கிட்டாங்க, இல்லன்னா குழாய் அழுக்கு. ரெண்டுல எதுவா இருந்தாலும் நான் காசு குடுத்துட்டு எந்திரிச்சிடுவேன்.

கசப்புக்காரி:

லாகர்வாதி பேருக்கேத்த மாதிரி பேசுறாரு 😄 ஆனா இந்த டெஸ்ட் எல்லா இடத்துலயும் செல்லாது சார். லாகர் ஆற அமர குளிர்ல கிடக்கணும், நாலு வாரம் ஆறு வாரம்னு டேங்கை புடிச்சுக்கும், அதே டேங்க்ல ஒரு பேல் ஏல் ரெண்டு மூணு வாரத்துல முடிஞ்சு அடுத்தது ஏத்திடலாம். மூணே மூணு டேங்க் வெச்சிருக்கிற சின்ன ப்ரூவரி வாடகை கட்டணுமா வேணாமா? அவங்ககிட்ட லாகர் இல்லன்னு தள்ளிட்டா நல்ல நல்ல இடத்தை எல்லாம் விட்டுடுவீங்க.

நான் பாக்குறது தேதி. ஐபிஏன்னா கேன் அடியில பேக் பண்ண தேதி போட்டிருக்கானா பாருங்க, அதுவும் "இதுக்குள்ள குடிங்க"ன்னு ஒரு வருஷம் தள்ளிப் போடுற தேதி இல்ல, அடைச்ச தேதி. ஹாப்ஸ் வாசனை தான் முதல்ல ஓடிப்போற ஐட்டம், சில்லுனு வெச்சாலே ரெண்டு மூணு மாசத்துல பாதி போயிடும், வெளிய ஷெல்ஃப்ல வெச்சா கேக்கவே வேணாம். ஊர்சுத்தி சொன்ன அந்த அட்டைப்பெட்டி வாசனை ஆக்ஸிஜன் பட்டு பழசானதோட அடையாளம். ஒரு பாட்டில் ஷாப்ல நுழைஞ்சு ஐபிஏ எல்லாம் ஃப்ரிட்ஜ்ல இருக்கா, ஜன்னலோரம் வெயில் படுற ஷெல்ஃப்ல இருக்கான்னு மட்டும் பாருங்க, அந்த கடைக்காரருக்கு விஷயம் தெரியுமா தெரியாதான்னு வாயைத் திறக்காமலே தெரிஞ்சிடும். பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில்ல வெளிச்சம் பட்டா நாத்தமே வேற, ஹாப்ஸ்ல இருக்கிற கசப்புப் பொருள் வெளிச்சத்துல உடைஞ்சு வர்ற நாத்தம் அது, ப்ரவுன் பாட்டில் கொஞ்சம் தாங்கும், கேன்ல அந்த பிரச்சனையே இல்ல.

பாட்டில் ஷாப்பை லேசா நினைக்காதீங்க ஊர்சுத்தி. புது ஊர்ல நான் முதல்ல போறதே அங்க தான். மத்தியானம் கூட்டம் இருக்காது, கடைக்காரருக்கும் பேச ஆள் வேணும்.

பழைய_பீப்பாய்:

கொஞ்ச வருஷம் பார் செல்லர்ல (பீர் வைக்கிற கிடங்கு) கெக் உருட்டின ஆளு நான், அந்த பக்கத்துல இருந்து ரெண்டு விஷயம் சொல்றேன்.

அறுபது டேப் போர்டை பாத்து மயங்காதீங்க தம்பி. பெரிய கெக் 50 லிட்டர், அரை லிட்டர் கிளாஸ்ல ஊத்தினா கிட்டத்தட்ட நூறு கிளாஸ். அறுபது டேப்னா ஆறாயிரம் கிளாஸ் வரிசையில நிக்குது. அந்த ஹால்ல எத்தனை நாற்காலி இருக்குன்னு எண்ணிப் பாருங்க, அது காலியாக எத்தனை நாள் ஆகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். கூட்டம் பூரா நாலஞ்சு பிரபலமான பீரை தான் குடிக்கும், மூலையில இருக்கிற ஐம்பத்தேழாவது டேப்ல இருக்கிறது எப்ப திறந்ததுன்னு அங்க வேலை செய்யுறவனுக்கே ஞாபகம் இருக்காது. பன்னெண்டு டேப் வெச்சுக்கிட்டு வாராவாரம் மாத்துற இடம் தான் என் கணக்குல பெரிய பார்.

அப்புறம் குழாய். பீர் லைனை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அதாவது 14 நாளைக்குள்ள, காஸ்டிக் விட்டு கழுவணும்னு தான் அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன் சொல்லுது. டேப் ஜாஸ்தியாக ஆக இந்த வேலையும் ஜாஸ்தி, கழுவும்போது லைன்ல நிக்கிற பீர் வீணா போகும், அதனால கையை கட்டிக்கிட்டு தள்ளிப் போடுற முதலாளிங்க உண்டு. லைன் அழுக்கானா பீர்ல லேசா காடி புளிப்பு வரும், இல்லன்னா அந்த வெண்ணெய் வாசனை.

உக்காந்த இடத்துல இருந்தே பாக்கலாம். கவுன்டர்ல டேப்புக்கு நேரா ஒரு ஸ்டூல் புடிங்க, மெனுவை எடுக்காதீங்க, அஞ்சு நிமிஷம் ஊத்துறவரோட கையை மட்டும் பாருங்க. கிளாஸை எடுத்ததும் தண்ணியில ஒரு அலசு அலசுறாரா. டேப்பை முழுசா சட்டுனு திறக்குறாரா, இல்ல பாதி திறந்து நுரையா பீச்சிட்டு இருக்காரா. டேப்போட மூக்கு கிளாஸ்ல இருக்கிற பீருக்குள்ள முங்குதா. முங்கினா போச்சு, அந்த பீர் மூக்குல ஒட்டி காஞ்சு அடுத்தவன் கிளாஸ்ல தான் இறங்கும். கிளாஸ் கைக்கு வந்ததும் பக்கவாட்டுல பாருங்க, உள்பக்கம் சுவர்ல குமிழி அங்கங்க ஒட்டிட்டு நின்னா கிளாஸ்ல எண்ணெய்ப்பசை இருக்கு. சுத்தமான கிளாஸ்னா குமிழி சுவர்ல ஒட்டாம மேல போயிடும், குடிக்க குடிக்க நுரை வளையம் வளையமா கிளாஸ்ல படிஞ்சு நிக்கும்.

நுரைமீசை:

அண்ணே இதை தனி இழையா போடுங்க, பின் பண்ணி வெக்கணும்.

கசப்புக்காரி:

பீப்பாய் அண்ணே, ஒரு சின்ன திருத்தம். இப்ப நிறைய பார் 20 லிட்டர் கெக் தான் வாங்குறாங்க, அதுல கணக்கு பாதிக்கும் கீழ வந்துடும். சின்ன கெக் வெச்சு முப்பது டேப் ஓட்டுற இடத்தை ஒரேயடியா ஒதுக்கிட முடியாது.

பழைய_பீப்பாய்:

வாஸ்தவம் தான்மா, 20 லிட்டர்னா கதை வேற. ஆனா விலையும் வேற, லிட்டருக்கு அது ஜாஸ்தி விழும், அதனால அறுபது டேப்லயும் சின்ன கெக் வெக்கிற முதலாளிய நான் பாத்ததில்ல.

ஊர்சுத்தி:

அடேங்கப்பா, ஒரு ராத்திரியில இவ்ளோவா. ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஒரு சந்தேகம், "இந்த கெக் எப்ப திறந்தீங்க"ன்னு பார்டெண்டர்கிட்ட நேரா கேட்டா மூஞ்சை தூக்கி வெச்சுக்க மாட்டாங்களா? எனக்கு கொஞ்சம் கூச்சம். "இங்க எது நல்லா இருக்கும்"னு கேட்டா "எல்லாமே நல்லா இருக்கும் சார்"னு ஒரே பதில் தான் வருது.

பழைய_பீப்பாய்:

"எது நல்லா இருக்கும்"னு கேட்டா அவன் வேற என்ன சொல்லுவான், பாதியில நிக்கிற கெக்கை காலி பண்ண சொல்லி மேனேஜர் காலையிலயே சொல்லி அனுப்பியிருப்பாரு, அதைத்தான் கை காட்டுவான். "இன்னைக்கு புதுசா எதை மாட்டினீங்க"ன்னு கேளுங்க. சந்தேகப்படுற மாதிரியே இருக்காது, ஆர்வமா கேக்குற மாதிரி இருக்கும். விஷயம் தெரிஞ்சவன்னா முகம் மலர்ந்து சொல்லுவான். "தெரியல, கேட்டு சொல்றேன்"னு உள்ள போனாலும் நல்லவன் தான். முழிச்சிட்டு நின்னான்னா பாட்டில் எதாவது வாங்கிக்கங்க.

இன்னொன்னு, இது தான் நான் எங்க போனாலும் பண்றது. முதல் நாள் ஒரு ப்ரூவரி டேப்ரூமுக்கு (ப்ரூவரியே தன் பீரை ஊத்தி விக்கிற இடம்) போங்க. அங்க போயி ஊர்ல நல்ல பார் எதுன்னு கேக்காதீங்க, எல்லாரும் கேக்குற கேள்வி அது, மனப்பாடமா நாலு பேரு சொல்லிடுவாங்க. "உங்க கெக்கை வாரத்துக்கு வாரம் யாரு அதிகமா எடுக்குறாங்க"ன்னு கேளுங்க. அவங்ககிட்ட டெலிவரி கணக்கு இருக்கு, எந்த பார்ல சரக்கு வேகமா நகருது, எந்த பார் லைனை ஒழுங்கா கழுவுது, எவன் காலி கெக்கை மூணு மாசம் திருப்பித் தராம இழுத்தடிக்கிறான் எல்லாம் அத்துப்படி. தன்னோட பீரு நல்லபடியா ஊத்தப்படணும்கிற அக்கறை காய்ச்சினவனுக்கு இருக்கிற அளவுக்கு வேற யாருக்கும் இருக்காது. அவங்க சொல்ற ரெண்டு இடத்துக்கு ரெண்டாம் நாள் போங்க, அவ்ளோ தான், ஆப்பே தேவையில்ல.

லாகர்வாதி:

இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. கெக் எடுக்குற கணக்கை கேக்குறது எனக்கு இது வரைக்கும் தோணவே இல்ல.

நுரைமீசை:

நேரத்தை பத்தியும் சொல்லிடுறேன், ரெண்டே சாயங்காலம் இருக்கிறவருக்கு அது தான் முக்கியம். ப்ரூவரி டேப்ரூம்னா பார் மாதிரி ராத்திரி பன்னெண்டு வரைக்கும் திறந்திருக்கும்னு நினைச்சு போகாதீங்க, நிறைய இடம் ஒன்பது, பத்துக்கெல்லாம் ஷட்டரை இறக்கிடும், வாரத் தொடக்கத்துல திங்கள் செவ்வாய் மூடியே இருக்கும், சிலது வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் மட்டும் தான். மேப்ல காட்டுற நேரத்தை நம்பாம அவங்க இன்ஸ்டாவை பாருங்க, தனியார் பார்ட்டிக்கு விட்டாச்சுன்னு ஒரு போஸ்ட் அன்னைக்கு காலையில தான் போடுவாங்க. இடமும் டவுன் நடுவுல இருக்காது. டேங்குக்கு உயரமான கூரை வேணும், கனம் தாங்குற தரை வேணும், லாரி வந்து போகணும், இது எல்லாம் வாடகை கம்மியான குடோன் ஏரியாவுல தான் கிடைக்கும், அதனால தான் ரயில் பாலத்தடி, பழைய ஃபேக்டரி ஷெட்டுன்னு ஒதுக்குப்புறமா இருக்கும். அதுல ஒரு நல்லது, ஒண்ணு வந்தா பின்னாடியே நாலு வரும். லண்டன்ல பெர்மன்ட்ஸி பக்கம் கெர்னல் ப்ரூவரி 2009ல ரயில் வளைவுக்கு அடியில ஆரம்பிச்சது, அப்புறம் வரிசையா மத்தவங்க வந்து இப்ப அந்த பாதைக்கே பீர் மைல்னு பேரு. ஆகவே மேப்ல ஒரு ப்ரூவரி கிடைச்சா அதை சுத்தி ஒரு கிலோமீட்டர் பெருசு பண்ணிப் பாருங்க.

திறந்த உடனே முதல் ஆளா போய் நிக்கவும் வேணாம், ராத்திரி பூரா லைன்ல நின்ன பீர் தான் முதல் கிளாஸ்ல வரும். நல்ல இடத்துல அதை கீழ ஊத்திட்டு தான் ஆரம்பிப்பாங்க, எல்லா இடத்துலயும் பண்ணுவாங்கன்னு சொல்ல முடியாது.

சோடா_பார்ட்டி:

ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. நான் குடிக்க மாட்டேன், வீட்டுக்காரருக்கு இதுல பைத்தியம், ட்ரிப் போனா நானும் கூட போய் உக்காந்திருக்கணும். கோலா குடிச்சு குடிச்சு வெறுத்துப் போச்சு. என் மாதிரி ஆளுக்கு இந்த இடங்கள்ல ஏதாச்சும் உண்டா?

கசப்புக்காரி:

நிறைய இருக்கு சிஸ்டர், முன்ன மாதிரி இல்ல. ஆல்கஹால் இல்லாத பீரையே தனித் தொழிலா பண்றவங்க வந்துட்டாங்க, அமெரிக்காவுல அத்லெடிக் ப்ரூவிங் 2017ல தொடங்கினதே அதுக்காக மட்டும் தான். சாதா டேப்ரூம்லயும் ஒண்ணு ரெண்டு கேன் வெச்சிருப்பாங்க. ஆனா லேபிளை பாத்துக்கங்க, நிறைய நாட்டுல 0.5 சதவீதம் வரைக்கும் இருந்தாலும் ஆல்கஹால் இல்லாததுன்னு தான் போட விடுவாங்க, சுத்தமா வேணாம்னா 0.0னு போட்டிருக்கிறதா கேட்டு வாங்குங்க. ஹாப் வாட்டர்னு ஒண்ணு இருக்கு, சோடாவுல ஹாப்ஸ் போட்டது, மால்ட் கிடையாது, ஈஸ்ட் கிடையாது, எலுமிச்சை தோல் வாசனையா லேசான கசப்போட இருக்கும், எனக்கே பிடிக்கும். போறதுக்கு முன்னாடி மெனுவுல இதெல்லாம் இருக்கான்னு உங்க வீட்டுக்காரரை பாக்க சொல்லுங்க, அதை யோசிச்சு வெச்சிருக்கிற இடம் மத்ததுலயும் ஒழுங்கா இருக்கும்.

சோடா_பார்ட்டி:

ஹாப் வாட்டர் கேள்விப்பட்டதே இல்ல, நன்றி மேடம். இந்த இழையை அவருக்கும் அனுப்பிட்டேன், இனி ஸ்டூல்ல உக்காந்து பார்டெண்டர் கையையே பாத்துட்டு இருக்கப் போறாரு.

லாகர்வாதி:

யாரும் ஓனர் விஷயத்தை பேசலையே. டேப் போர்டுல பத்து பேரு வேற வேற மாதிரி இருக்கும், தோண்டிப் பாத்தா ஆறு ஒரே பெரிய கம்பெனியோடது. கூஸ் ஐலண்ட் ப்ரூவரியை ஏபி இன்பெவ்ங்கிற பெரிய பீர் கம்பெனி 2011ல வாங்கிச்சு, கேம்டன் டவுனை 2015ல, லகுனிடாஸ்ல பாதியை ஹைனகென் 2015ல வாங்கி 2017ல முழுசா எடுத்துக்கிச்சு. ஒரு பார்ல பூரா இந்த மாதிரி பேரா இருந்தா, பார் ஓனர் தேடித் தேடி எடுத்தது இல்ல, ஒரே டிஸ்ட்ரிப்யூட்டர் லாரியில வந்து இறங்கினதுன்னு புரிஞ்சுக்கலாம். அமெரிக்காவுல இதுக்குன்னே 2017ல ஒரு முத்திரை கொண்டு வந்தாங்க, தலைகீழா நிக்கிற பாட்டில் படம், சுதந்திரமா நடத்துற ப்ரூவரி மட்டும் தான் போடலாம்.

கசப்புக்காரி:

பெரிய கம்பெனி வாங்கினதாலயே பீர் கெட்டுப் போயிடாது. தேதியும் குளிர்ச்சியும் அவங்க தான் பல இடத்துல ஒழுங்கா வெச்சிருக்காங்க.

லாகர்வாதி:

கெட்டுப் போச்சுன்னு நான் சொல்லல. அதை குடிக்கிறதுக்கு ஏன் ஃப்ளைட் ஏறணும்? ஏர்போர்ட்லயே கிடைக்குமே.

கசப்புக்காரி:

அது சரி 😂 விட்டுட்டேன்.

யாத்ரி_77:

இவ்ளோ நேரம் படிச்சிட்டே இருந்தேன், ஒண்ணு விட்டுப் போச்சு. எல்லாரும் கிராஃப்ட்னு போர்டு போட்ட இடத்தையே தேடுறீங்க. பழைய பீர் ஊர்ல அந்த போர்டே இருக்காது, ஆனா உங்க கிராஃப்ட் எல்லாம் பொறந்ததே அங்க தான்.

ஜெர்மனியில பாம்பெர்க் போனா ஷ்லென்கெர்லான்னு ஒரு ப்ரூவரி பப் இருக்கு, மால்ட்டை பீச் மர நெருப்புப் புகையில காய வெச்சு காய்ச்சுற புகை பீர், வாசல்ல நுழையும்போதே தெரியும், முதல் கிளாஸ்ல நிறைய பேரு முகம் சுளிப்பாங்க, அதோட எந்திரிச்சு வந்துட்டா ஏமாந்தீங்க, ரெண்டாவது கிளாஸ்ல தான் புகைக்கு பின்னாடி இருக்கிற மால்ட் வெளிய வரும். கொலோன்ல அந்த ஊர் பீர் கோல்ஷ், 200 மில்லி ஒல்லி கிளாஸ்ல தருவாங்க, காலியானா கேக்காமலே அடுத்தது வரும், அட்டையில பென்சிலால ஒரு கோடு விழும், போதும்னா அந்த அட்டையை கிளாஸ் மேல வெச்சு மூடிடணும், இது தெரியாம உக்காந்தா பில்லு பாத்து தான் தெரியும். சின்ன கிளாஸா இருக்கேன்னு சிரிக்காதீங்க, நுரை அடங்குறதுக்குள்ள தீர்ந்துடும், பீர் சூடாக நேரமே கிடைக்காது.

பிராக்ல டேங்க் பீர் ஊத்துற பப்பா பாத்து போங்க. பாஸ்டரைஸ் பண்ணாத பில்ஸ்னரை லாரியில கொண்டு வந்து பப்ல இருக்கிற பெரிய டேங்க்ல ஏத்துவாங்க, டேங்குக்குள்ள ஒரு பை இருக்கும், பைக்கு வெளிய காத்து அழுத்தும், பீர் மேல காத்தே படாது. அதே பிராண்டை பாட்டில்ல குடிச்சிட்டு "எனக்கு தெரியும் இது"ன்னு நினைக்கிறவங்க அங்க ஒரு கிளாஸ் குடிச்சு பாக்கணும்.

பிரஸ்ஸல்ஸ்ல கான்டியோன், 1900ல ஆரம்பிச்ச குடும்ப ப்ரூவரி, மிடி ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம். ஈஸ்ட்டே போட மாட்டாங்க, கொதிச்ச வோர்ட்டை (இன்னும் புளிக்காத மால்ட் சாறு) மாடியில அகலமான செம்புத் தொட்டியில ராத்திரி பூரா ஆற விடுவாங்க, காத்துல இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தானா விழுந்து புளிக்க ஆரம்பிக்கும், அப்புறம் மரப் பீப்பாயில வருஷக்கணக்கு. வெயில் காலத்துல வேண்டாத பாக்டீரியா பெருகிடும்னு குளிர் மாசத்துல மட்டும் தான் காய்ச்சுறது. அங்க போயி "இன்னைக்கு என்ன புதுசா மாட்டினீங்க"ன்னு பீப்பாய் சார் சொன்னதை கேட்டீங்கன்னா பாவம் அவங்க முழிப்பாங்க.

பழைய_பீப்பாய்:

ஹாஹா, சரி தான். லாம்பிக் (கான்டியோன் மாதிரி தானா புளிக்க விடுறது), பார்லி ஒயின் (ஆல்கஹால் ஜாஸ்தியான கனமான பீர்), பெரிய ஸ்டவுட்டு, இதுக்கெல்லாம் என் விதி செல்லாது, அது வயசானா தான் பேசும். இங்கிலாந்து காஸ்க் ஏல் (பீப்பாய்க்குள்ளயே புளிச்சு முடிச்சு, அதுல இருந்தே ஊத்துற பீர்) இதுக்கு நேர் எதிர். பீர் இறங்க இறங்க காத்து உள்ள போகும், திறந்தா மூணு நாளுக்குள்ள தீர்த்தாகணும். அங்க வெதுவெதுன்னு தர்றாங்கன்னு ஒரு புரளி, செல்லர்ல 11ல இருந்து 13 டிகிரியில வெக்கிறது தான் முறை, நல்லா சில்லுனு தான் இருக்கும், ஐஸ் மாதிரி இருக்காது அவ்ளோ தான். 1971ல தொடங்கின காம்ராங்கிற குடிமக்கள் அமைப்பு வருஷா வருஷம் பப் கையேடு போடுறாங்க, அந்தந்த ஊர் உறுப்பினர்களே சம்பளம் இல்லாம பல தடவை போய் குடிச்சு பாத்து சேக்குற லிஸ்ட். அந்த ஊரு பக்கம் போனா எந்த ஆப்பை விடவும் அதை நம்பலாம்.

நுரைமீசை:

குடிமக்கள் அமைப்பு 😂😂 பேரு நல்லா பொருந்துது.

ஊர்சுத்தி:

சரி, எனக்கு ப்ளான் கிடைச்சாச்சு. முதல் மத்தியானம் பாட்டில் ஷாப், சாயங்காலம் ஒரு டேப்ரூம், கெக் கணக்கு விசாரிப்பு, மறுநாள் அவங்க சொல்ற பார். நாலு வகை ஃப்ளைட் (பல பீரை சின்னச் சின்ன கிளாஸ்ல வரிசையா தர்ற தட்டு) வாங்கி எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் பாத்துடலாம்ல, சின்ன கிளாஸ் தானே?

கசப்புக்காரி:

சின்ன கிளாஸ்னு ஏமாறாதீங்க. 150 மில்லி 12 சதவீத ஸ்டவுட்ல 18 மில்லி ஆல்கஹால் இருக்கு. 330 மில்லி 5 சதவீத லாகர் கேன்ல 16.5 தான். உள்ளங்கை அளவு கிளாஸ் ஒரு முழு கேனை விட ஜாஸ்தி. நாலு 150 மில்லி கிளாஸ், சராசரி 7 சதவீதம்னு வெச்சாலும் 42 மில்லி, ரெண்டரை கேன் லாகர் உள்ள போயிடுச்சு, நீங்க "சும்மா டேஸ்ட் தானே பாத்தோம்"னு அடுத்த இடத்துக்கு கிளம்புவீங்க. குடோன் ஏரியா, ராத்திரி, வண்டி கிடைக்காது. திரும்பி வர வழியை முன்னாடியே பாத்து வெச்சுக்கங்க, சொந்தமா வண்டி ஓட்டிட்டு போற பேச்சே வேணாம்.

ஃப்ளைட் வாங்கினா லேசுல இருந்து கனத்துக்கு போங்க. ஹேஸி டபுள் ஐபிஏவை முதல்ல அடிச்சுட்டு பில்ஸ்னருக்கு வந்தா தண்ணி மாதிரி தான் தெரியும், அப்புறம் லாகர்வாதி சண்டைக்கு வந்துடுவாரு.

லாகர்வாதி:

வருவேன்.

ஊர்சுத்தி:

கடைசியா ஒண்ணு. நல்ல கேன் கிடைச்சா பெட்டியில போட்டு கொண்டு வரலாமா, ஃப்ளைட்ல வெடிக்குமா?

நுரைமீசை:

செக்-இன் பெட்டியில போடலாம், கையில எடுத்துட்டு போற பையில விட மாட்டாங்க. 24 சதவீதத்துக்கு கீழ இருக்கிற சரக்குக்கு விமான பாதுகாப்பு விதியில அளவுக் கட்டுப்பாடு கிடையாது, பீர் எல்லாம் அதுக்குள்ள தான் வரும், ஆனா இறங்குற நாட்டு கஸ்டம்ஸ் கணக்கு வேற, அதை தனியா பாத்துக்கங்க. பெட்டி வைக்கிற இடத்துலயும் காத்தழுத்தம் கேபின் மாதிரி தான் வெச்சிருப்பாங்க, சாதா கேன் தாங்கும். துணிக்கு நடுவுல, ஒவ்வொண்ணையும் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைங்க.

கசப்புக்காரி:

ஒரே ஒரு வகை மட்டும் வேணாம். காய்ச்சி முடிச்ச பிறகு பழக்கூழை அப்படியே கொட்டி அடைக்கிற கெட்டியான சவர், கேன்லயே "எப்பவும் ஃப்ரிட்ஜ்ல வைக்கவும்"னு போட்டிருக்கும். உள்ள புளிக்காத சர்க்கரை இருக்கு, மிச்ச ஈஸ்ட்டும் இருக்கலாம், சூட்டுல கிடந்தா திரும்ப புளிக்க ஆரம்பிச்சு கேன் உப்பி வெடிக்கும். அதை அங்கேயே குடிச்சுடுங்க. மீட்டிங் சட்டையெல்லாம் அதே பெட்டியில தானே வெச்சிருப்பீங்க.